கணினிக்குள் ஓடும் இந்தப் பெயர் யாருடைய ஆள்? அழிக்கும் முன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

மடிக்கணினி திடீரென்று மெதுவாகிறது. யாரும் தொடாத நேரத்திலும் உள்ளே இருக்கும் காற்றாடி இரைகிறது. என்னதான் ஓடுகிறது என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. அவற்றில் பத்துப் பெயர்கூட நமக்குத் தெரியாது. இதில் எது கணினியின் சொந்த வேலையாள், எது வெளியிலிருந்து நுழைந்த திருடன்?

ஈப்போ பட்டணத்து வீடுகளிலும் சரி, சுங்கை சிப்புட், பத்து காஜா, பீடோர் பக்கம் தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிவந்த வீடுகளிலும் சரி, பெரும்பாலும் ஒரே கணினியைத்தான் குடும்பமே பயன்படுத்துகிறது. பிள்ளையின் பள்ளிப் பாடமும் அப்பாவின் இபிஎஃப் கணக்கும் அம்மாவின் வங்கிக் கணக்கும் அதற்குள்தான். பல கணினிகள் பழையதாக வாங்கியவை. முன்பு வைத்திருந்தவர் என்னென்ன ஏற்றினார் என்பது நமக்குத் தெரியாது. ஆகவே இந்தக் கேள்வி கணினி படித்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல.

தெரியாத பெயரைக் கண்டதும் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ஒன்று, பயந்துபோய் அழித்துவிடுகிறோம். அல்லது, "நமக்கு எதற்கு வம்பு" என்று விட்டுவிடுகிறோம். இரண்டும் தவறு. சில நிமிடம் செலவழித்து நான்கு கேள்விகள் கேட்டால், பெரும்பாலான பெயர்களுக்கு நாமே விடை கண்டுபிடித்துவிடலாம்.

கணினியின் பெரட்டு

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்குப் பெரட்டு தெரியும். விடியுமுன் எல்லாரும் வந்து நிற்க, பெயர் கூப்பிட்டு, யார் எந்த நிரைக்குப் போவது என்று சொல்லி அனுப்புவார்கள். புதிய முகம் ஒன்று வந்து நின்றால் பெயரை மட்டும் கேட்டு விட்டுவிட மாட்டார்கள். எந்த லயத்தில் இருக்கிறாய், யாருடைய ஆள், எப்போது வந்தாய், யார் கூட்டி வந்தது, என்ன வேலை செய்கிறாய் என்று எல்லாவற்றையும் விசாரிப்பார்கள்.

டாஸ்க் மேனேஜர் என்பது விண்டோஸ் கணினியின் பெரட்டு. விசைப்பலகையில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் அது திறக்கும். இந்த நேரத்தில் வேலையில் இருக்கும் நிரல்கள் எல்லாம் அங்கே தெரியும். திரையில் நாம் திறந்து வைத்திருப்பவை சிலவே. மற்றவை பின்னணியில் ஓடுபவை. அச்சு இயந்திரம், ஒலி, வைஃபை, வைரஸ் தடுப்பு, புதுப்பிப்பு என ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் உண்டு. பட்டியல் நீளமாக இருப்பது மட்டுமே ஆபத்துக்கு அறிகுறி அல்ல.

பெயரை மட்டும் நம்பக் கூடாது

பெயரை வைத்து முடிவெடுப்பதால் வரும் வினைக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 2002-ஆம் ஆண்டு உலகம் முழுக்க ஒரு மின்னஞ்சல் சுற்றியது. கணினியில் 'ஜேடிபிஜிஎம்ஜிஆர்' என்ற கோப்பு இருக்கிறதா பாருங்கள், அதன் படம் ஒரு சின்னக் கரடிப் பொம்மை, அது 14 நாள் தூங்கிவிட்டுக் கணினியை அழிக்கும் வைரஸ், உடனே அழித்துவிட்டு எல்லாருக்கும் அனுப்புங்கள் என்றது அது. தேடிப் பார்த்தவர்களுக்குக் கோப்பு கிடைத்தது. கரடிப் பொம்மையும் இருந்தது. அழித்தார்கள், நண்பர்களுக்கும் அனுப்பினார்கள். உண்மையில் அது மைக்ரோசாஃப்ட் நிறுவனமே விண்டோஸோடு தந்த கோப்பு. ஜாவா நிரல் எழுதுபவர்களுக்கு உதவும் சிறு கருவி. வைரஸ் எதுவும் இல்லை. வதந்தியை நம்பியவர்கள் தங்கள் கையாலேயே கணினியின் ஒரு பாகத்தைப் பிடுங்கினார்கள். இன்று புலனத்தில் வரும் "உடனே அழிக்கவும், அனைவருக்கும் பகிரவும்" என்ற செய்திகளும் இதே ரகம்தான்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கெட்ட நிரல் நல்ல பெயரைப் போட்டுக்கொள்ளும். விண்டோஸில் 'எஸ்விசிஹோஸ்ட்' என்ற பெயர் பல தடவை வரும். பலரும் அதைக் கண்டுதான் முதலில் பயப்படுகிறார்கள். அது விண்டோஸின் பின்னணிச் சேவைகளைத் தாங்கி நிற்கும் உண்மையான நிரல். 2017-இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு முதல், போதுமான நினைவகம் உள்ள கணினிகளில் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி ஆள் ஓடும்படி மாற்றினார்கள். அதனால்தான் ஐம்பது, அறுபது தடவைகூட அந்தப் பெயர் தெரிகிறது. ஒரு சேவை விழுந்தாலும் மற்றவை விழாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஆனால் எல்லாருக்கும் பழகிய பெயர் என்பதாலேயே திருட்டு நிரல்களும் அதைப் போடுகின்றன. ஆங்கில எழுத்துகளில் இரண்டை இடம் மாற்றுவார்கள், அல்லது 'ஓ' எழுத்துக்குப் பதில் பூஜ்யத்தை வைப்பார்கள். அவசரக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

ஆக, பெயர் விசாரணைக்குத் தொடக்கம் மட்டுமே. இனி நான்கு கேள்விகளைப் பார்ப்போம்.

கேள்வி 1: எங்கே குடியிருக்கிறது?

டாஸ்க் மேனேஜரில் அந்தப் பெயரின் மேல் வலப்பக்கச் சுட்டியை அழுத்தி, 'ஓபன் ஃபைல் லொகேஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த நிரல் இருக்கும் அறை திறக்கும்.

எஸ்விசிஹோஸ்ட் போன்ற விண்டோஸின் சொந்த ஆட்கள் சி டிரைவில் விண்டோஸ் அறைக்குள் இருக்கும் 'சிஸ்டம்32'-இல் குடியிருப்பார்கள். அதே பெயருடைய நிரல் 'டவுன்லோட்ஸ்' அறையிலோ 'டெம்ப்' என்ற தற்காலிக அறையிலோ இருந்தால் அது சந்தேகத்துக்குரியது. விண்டோஸ் ஊழியனுக்கு அங்கே வேலை இல்லை.

நாம் ஏற்றிய நிரல்கள் பொதுவாக 'புரோகிராம் ஃபைல்ஸ்' அறையில் இருக்கும். ஸூம், டீம்ஸ் போன்ற சில நல்ல நிரல்கள் பயனரின் 'ஆப்டேட்டா' அறையிலும் தங்குவதுண்டு. ஆகவே ஆப்டேட்டாவில் இருக்கிறது என்பதற்காகவே குற்றவாளி ஆக்கிவிட வேண்டாம். அடுத்த கேள்விக்குப் போங்கள்.

கேள்வி 2: யாருடைய ஆள்?

அதே கோப்பின் மேல் வலப்பக்கச் சுட்டியை அழுத்தி 'புரோபர்டீஸ்' போனால், 'டீடெயில்ஸ்' என்ற பக்கத்தில் தயாரிப்பாளர் பெயர் இருக்கும். ஆனால் அதை எவரும் எப்படியும் எழுதிக்கொள்ளலாம். அதைவிட நம்பகமானது 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற பக்கம். இது மின்னியல் கையொப்பம். இந்த நிறுவனம்தான் செய்தது, செய்த பிறகு யாரும் உள்ளே கை வைக்கவில்லை என்பதற்கு அது சான்று. விண்டோஸின் சில சொந்தக் கோப்புகளில் இந்தப் பக்கமே தெரியாது. அவற்றின் கையொப்பம் வேறு பதிவேட்டில் இருக்கும். இடம் சரியாக இருந்தால் அதற்காகப் பதற வேண்டாம்.

கையொப்பம் என்பது அடையாள அட்டை மாதிரி. ஒருவர் யார் என்று அது சொல்லும். அவர் நல்லவரா என்று சொல்லாது. இதற்கு இரண்டு உண்மைச் சம்பவங்கள் உண்டு.

2005 அக்டோபரில் மார்க் ரஸ்ஸினோவிச் என்ற கணினி வல்லுநர் தம் சொந்தக் கணினியைச் சோதித்தபோது, ஒளித்து வைக்கப்பட்ட கோப்புகளைக் கண்டார். அவற்றில் ஒன்று, கணினியோடு இணைக்கும் கருவிகளைக் கவனிக்கும் சாதாரண விண்டோஸ் சேவை போலப் பெயர் வைத்துக்கொண்டு ஓடியது. தயாரிப்பாளர் பெயரைப் பிடித்துப் பின்தொடர்ந்து போனபோது, சோனி பிஎம்ஜி வெளியிட்ட ஓர் இசைத்தட்டிலிருந்து வந்தது என்று தெரிந்தது. பாடல்களை நகல் எடுப்பதைத் தடுக்க அந்த நிறுவனம் வைத்த நிரல் அது. அதை அவர் அழித்தபோது கணினியின் சிடி டிரைவே காணாமல் போனது. விஷயம் வெளியே வந்து எதிர்ப்பு கிளம்ப, அடுத்த மாதமே அந்தத் தட்டுகளை நிறுவனம் திரும்பப் பெற்றது. பெரிய பெயர் என்பதற்காக உள்ளே இருப்பது நமக்கு நல்லதைத்தான் செய்யும் என்று சொல்ல முடியாது. கண்டபடி அழித்தால் வேறொன்று கெடும் என்பதும் இதில் இருக்கும் பாடம்.

2017-இல் கணினியைச் சுத்தம் செய்ய உலகமே பயன்படுத்திய சிசிகிளீனர் நிரலின் 5.33 பதிப்புக்குள், தயாரிப்பாளருக்கே தெரியாமல் திருட்டு நிரல் புகுத்தப்பட்டிருந்தது. கையொப்பம் முறையானது. இறக்கிய தளமும் அதிகாரபூர்வமானது. ஏறத்தாழ 22 லட்சத்து 70 ஆயிரம் கணினிகளில் அது ஏறியிருந்தது. இப்படி நடப்பது அரிது. ஆனால் கையொப்பம் இருந்துவிட்டால் விசாரணை முடிந்தது என்று நினைக்கக் கூடாது.

கேள்வி 3: எப்போது வந்தது, யார் கூட்டி வந்தது?

நான்கில் மிக முக்கியமானது இதுதான். இதற்கான விடை கணினியில் முழுதாக இருக்காது, வீட்டில்தான் இருக்கும். 'செட்டிங்ஸ்' போய் 'ஆப்ஸ்' பட்டியலைத் தேதி வாரியாக அடுக்குங்கள். சந்தேக நிரல் வந்த நாளில் வேறு என்ன வந்தது? யார் கணினியைத் தொட்டார்கள்? பிள்ளை இலவச விளையாட்டு இறக்கினானா? கடையில் பழுது பார்க்கக் கொடுத்தோமா? யாராவது தொலைபேசியில் அழைத்து "இதை ஏற்றுங்கள்" என்றார்களா?

நம் ஊரில் அதிகம் நடப்பவை இரண்டு. முதலாவது, திருட்டுப் பதிப்புகள். விண்டோஸையோ ஆஃபிஸையோ காசு கொடுக்காமல் திறந்துவிடும் 'ஆக்டிவேட்டர்' நிரல் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதை ஏற்றும்போது வைரஸ் தடுப்பை அணைத்து வைக்கச் சொல்வார்கள். காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறப்பதற்கு இது சமம். பழைய கணினி வாங்கியவர்கள் இதை முதலில் பாருங்கள்.

இரண்டாவது, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் நிரல்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் ஆகியவை முறையான நிறுவனங்களின் முறையான நிரல்கள். அலுவலகங்களில் தினமும் பயன்படுகின்றன. இவற்றை நம் நான்கு கேள்விகளால் சோதித்தால் இடம் சரி, கையொப்பம் சரி. வைரஸ் தடுப்பும் வாய் திறக்காது. ஆனால் வங்கி அதிகாரி என்றோ போலீஸ் என்றோ சொல்லிக்கொண்டு அழைத்த ஒருவர் அதை ஏற்ற வைத்திருந்தால், நம் திரையும் சுட்டியும் இப்போது அவர் கையில். நிரல் நல்லதுதான், கூட்டி வந்தவன்தான் திருடன். அறிமுகமில்லாத பெயரைவிட, அறிமுகமில்லாத மனிதர் சொல்லி ஏற்றிய பிரபலமான பெயர் ஆபத்தானது. எந்த வங்கியும் போலீசும் தொலைபேசியில் அழைத்து உங்கள் கணினியில் நிரல் ஏற்றச் சொல்லாது.

கைப்பேசியிலும் இதே கதைதான். 2022-இல் இசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் மலேசியாவைக் குறிவைத்த ஒரு மோசடியை வெளிப்படுத்தியது. வீடு சுத்தம் செய்யும் சேவைகளின் பெயரில் போலி இணையத்தளங்கள் அமைத்து, செயலியை இறக்கச் சொன்னார்கள். கூகுள் பிளே பொத்தான் போலத் தெரிந்தது உண்மையில் மோசடிக்காரர்களின் தளத்துக்குப் போனது. அந்தச் செயலி எட்டு மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்களிடம் கடவுச்சொல்லை வாங்கியதோடு, எஸ்எம்எஸ்-இல் வரும் டேக் எண்ணையும் அவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

கேள்வி 4: என்ன வேலை செய்கிறது?

டாஸ்க் மேனேஜரில் 'சிபியு' என்ற பத்தியைப் பாருங்கள். கணினி சும்மா இருக்கும்போது ஒரு நிரல் மட்டும் நீண்ட நேரம் பாதிக்கு மேல் சக்தியைத் தின்றால் காரணம் கேட்க வேண்டும். விண்டோஸ் புதுப்பிப்பும் வைரஸ் சோதனையும் சிறிது நேரம் அப்படிச் செய்யும், பிறகு அடங்கும். அடங்காமல் ஓடினால், உங்கள் மின்கட்டணத்தில் வேறொருவருக்காக மின்னியல் நாணயம் தோண்டும் நிரலாக இருக்கலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்தவுடன் காற்றாடி அடங்கி, மூடியவுடன் மீண்டும் இரைந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. சில நிரல்கள் பெரட்டு நேரத்தில் மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்கும்.

ஆனால் ஓசையில்லாமல் வேலை செய்பவையும் உண்டு. தமிழ்நாட்டில் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 2019-இல் நடந்ததைப் பாருங்கள். அங்கு 'டிடிராக்' என்ற உளவு நிரல் புகுந்ததாகச் செய்தி பரவியபோது, அக்டோபர் 29-ஆம் தேதி நிலையத்தின் தரப்பில் மறுப்பு வந்தது. மறுநாள், தன் கணினி ஒன்றில் திருட்டு நிரல் இருந்தது உண்மைதான் என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த கணினி அது என்றும், நிலையத்தை இயக்கும் கட்டமைப்பு தனியே பிரிக்கப்பட்டிருந்தது என்றும் விளக்கம் தந்தது. செப்டம்பர் 4-ஆம் தேதியே இந்தியாவின் கணினி அவசர உதவிக் குழு இதைக் கவனித்துத் தகவல் சொல்லியிருந்தது. டிடிராக் வகை நிரல்கள் விசைப்பலகையில் அடிப்பதையும், பார்த்த இணையப் பக்கங்களையும், கணினியில் ஓடும் நிரல்களின் பட்டியலையும் சேகரிக்கக்கூடியவை. அவ்வளவு பெரிய இடத்திலும் வெளியிலிருந்து ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே நம்மால் முடிவெடுக்க முடியாதபோது பிறர் கண்ணையும் கேட்பதில் வெட்கம் இல்லை.

இன்னும் சந்தேகமா?

கூகுளுக்குச் சொந்தமான 'வைரஸ் டோட்டல்' என்ற இலவச இணையத்தளத்தில் அந்த நிரல் கோப்பை ஏற்றினால், 70-க்கும் மேற்பட்ட வைரஸ் தடுப்பு நிரல்கள் அதைச் சோதித்துச் சொல்லும். ஒன்றிரண்டு மட்டும் குறை சொன்னால் தவறான எச்சரிக்கையாக இருக்கலாம். பத்து, இருபது ஒரே குரலில் சொன்னால் நம்புங்கள். எதுவும் சொல்லாவிட்டால் அதுவே முழு உத்தரவாதம் அல்ல, நிரல் மிகப் புதியதாக இருக்கலாம். நிரல் கோப்பை மட்டும் ஏற்றுங்கள். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை போன்றவற்றை அங்கே ஏற்றாதீர்கள், மற்றவர்கள் கைக்கும் போகலாம்.

நிரல் கெட்டது என்றே தோன்றினால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் வைஃபையை அணையுங்கள். கம்பி இருந்தால் கழற்றுங்கள். உள்ளே இருப்பவன் வெளியே பேச முடியாது.

அடுத்து, அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். வேறொரு சுத்தமான கருவியிலிருந்து வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுங்கள்.

மூன்றாவதாக, 'விண்டோஸ் செக்யூரிட்டி'-யில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்ற சோதனையை ஓட்டுங்கள். கணினி மறுபடி தொடங்கி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே சோதிக்கும். ஒளிந்திருப்பவையும் அப்போது மாட்டலாம். ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும்.

கெட்டது என்று உறுதியில்லை, சந்தேகம் மட்டும்தான் என்றால் கோப்பை அழிக்க வேண்டாம். டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பக்கத்தில் அதை 'டிஸேபிள்' செய்து ஒரு வாரம் பாருங்கள். எதுவும் கெடவில்லை என்றால் முறைப்படி 'அன்இன்ஸ்டால்' செய்யலாம். கெட்டால் மீண்டும் இயக்கிக்கொள்ளலாம்.

கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், அல்லது மோசடிக்காரரிடம் விவரம் கொடுத்துவிட்டதாகத் தெரிந்தால், கணினியை விட்டுவிட்டு உடனே உங்கள் வங்கியையோ தேசிய மோசடி உதவி மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த மையம், பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் முன் தடுக்க முயல்கிறது. ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பிறகு போலீஸ் புகார் செய்யுங்கள். பணம் போகவில்லை, கணினியில் மட்டும்தான் பிரச்சினை என்றால் சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவையில் புகார் செய்யலாம்.

இணையத்தில் ஏதோ பார்த்துக்கொண்டிருக்கும்போது "உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரை முழுக்க அலறினால், அதுவே மோசடி. உண்மையான வைரஸ் தடுப்பு தொலைபேசி எண் கொடுத்து அழைக்கச் சொல்லாது.

நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டியது

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. உங்கள் கணினி எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று பாருங்கள். விண்டோஸ் 11-க்கு மாற முடிந்தால் மாறுங்கள். முடியாவிட்டால் அந்தக் கணினியில் வங்கி வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் எல்லாருக்கும் ஒரே நிர்வாகிக் கணக்கு வேண்டாம். பிள்ளைகளுக்குச் சாதாரணக் கணக்கு கொடுத்தால், பல நிரல்களைப் பெற்றோரின் கடவுச்சொல் இல்லாமல் ஏற்ற முடியாது. எதையாவது தெரியாமல் அழுத்திவிட்டதாகப் பிள்ளையோ தாத்தாவோ வந்து சொன்னால் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைத்த இரண்டு நாளில்தான் கணக்கு காலியாகும்.

கடைசியாக, செலவில்லாத ஒரு வேலை. கணினி ஒழுங்காக ஓடும் ஒரு நாளில் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தையும் ஆப்ஸ் பட்டியலையும் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். புதிதாக எதை ஏற்றினாலும் தேதி, பெயர், யார் சொல்லி ஏற்றினோம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த முறை தெரியாத பெயர் ஒன்று வந்து நின்றால், பழைய படத்தோடு ஒப்பிட்டு, புதிதாக வந்தது யார் என்று கண்டுபிடித்துவிடலாம்.